எலும்புகள் இயல்பாக உள்ளன

இந்த அறையில் இரண்டு டியூப்லைட் எதற்கு என்று தெரியவில்லை. ஒன்றை அணைத்துவிட்டீர்களானால் நான் நிதானமாகப் பேசுவேன். ஜன்னல் இல்லாத அறையில், அரை இருட்டில், ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவள் நான். வெளிச்சம் கூடினால் எனக்குத் தலைவலி வரும்; தலைவலி வந்தால் யாராக இருந்தாலும் எரிந்து விழுவேன். என் அக்காவைக் கேட்டால் சொல்வாள். இப்போது என்னைப் பற்றி என்ன கேட்டாலும் அவள் சொல்வாள்.

நன்றி. தட்டச்சு செய்கிற அந்தப் பெண்ணிடமும் ஒன்று சொல்லிவிடுங்கள். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் அடிக்கத் தொடங்குகிறாள். முழுதாகக் கேட்காமல் முடிவுக்குத் தாவுகிறவர்களோடு மல்லுக்கட்டியே என் பாதி ஆயுள் போய்விட்டது. இங்கேயும் அது வேண்டாம்.

என் அக்காவின் கணவர் எப்படி இறந்தார் என்பது உங்கள் கேள்வி. நேராகப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் மார்பெலும்பைப் பற்றித் தெரியாமல் அந்தப் பதில் உங்கள் மண்டையில் ஏறாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், பெரிய பெரிய டாக்டர்களுக்கே ஏறவில்லை.

சட்டைப் பொத்தான்களுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். கழுத்துக்குழியிலிருந்து மேல்வயிறு வரை தட்டையாக ஓர் எலும்பு இருக்கிறதே, அதுதான். கருவில் அது இடமும் வலமுமாக இரண்டு பட்டைகளாக உருவாகி, நடுக்கோட்டில் வந்து ஒட்டிக்கொள்கிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒட்டுவதில்லை. சிலருக்குக் கீழ் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். சிலருக்கு அந்த நுனி முன்பக்கம் வளைந்து, தொட்டால் கட்டி மாதிரித் தட்டுப்படும். புற்றுநோய் என்று பயந்து தூக்கமில்லாமல் வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிலருக்கு மேல் விளிம்பில் பட்டாணி அளவில் தனியாக ஓர் எலும்பு உட்கார்ந்திருக்கும். விபத்தில் அடிபட்டு வந்தால் அதை முறிவு என்று படித்துவிடுவார்கள். நூறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு எலும்பின் நடுவிலேயே ஓர் ஓட்டை இருக்கும். சட்டையில் ஒரு பொத்தானை மட்டும் போடாமல் விட்ட மாதிரி. மேலே நார்த்திசு மூடியிருப்பதால் விரலுக்குத் தெரியாது, வலியும் கிடையாது. அந்த இடத்தில் யாரும் ஊசி குத்தாத வரையில், இருப்பதே தெரியாமல் எண்பது வயது வாழ்ந்துவிட்டுப் போகலாம்.

இப்படிப்பட்ட எலும்புகளையெல்லாம் பதினொரு வருடமாக ஒரு நோட்டில் குறித்துவருகிறேன். பெயர், வயது, அளவு, பென்சிலில் ஒரு படம். யாரும் என்னைக் குறிக்கச் சொல்லவில்லை, எனக்குப் பிடித்திருந்தது. அந்த நோட்டை உங்கள் ஆட்கள் நேற்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். தாளின் ஓரத்தை மடிக்காமல் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி அத்தானுக்கு வருகிறேன். அக்காவின் கணவரை அப்படித்தான் கூப்பிடுவேன். அறுவை மருத்துவர். நான்கு மாடி, அறுபது படுக்கை உள்ள அந்த மருத்துவமனையை அவர்தான் கட்டினார். கையில் வேலை சுத்தம், அதை மறுக்க மாட்டேன். வாய்தான் சுத்தம் கிடையாது. ஆறடி ஆள், நூற்றுப் பதினெட்டு கிலோ. வராந்தாவின் அந்தக் கோடியில் அவர் சிரித்தால் இந்தக் கோடியில் தூங்குகிற நோயாளி விழித்துக்கொள்வார். என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும், "என் மச்சினி. நான்தான் இவள டாக்டர் ஆக்கினேன்" என்பார். அவர் ஆக்கவில்லை. நான் படித்தேன். அவர் என் அக்காவைக் கட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஸ்கேன் ரிப்போர்ட் இரண்டு பக்கம் இருந்தாலும் கடைசி இரண்டு வரியைத்தான் படிப்பார். "கதையெல்லாம் வேணாம்மா, க்ளைமாக்ஸ் மட்டும் சொல்லு" என்பார். நான் அந்த இரண்டு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். எந்த வார்த்தை எங்கே வர வேண்டும் என்று யோசித்து எழுதுவேன். அவருக்கு அது பலகாரம் சுற்றிவந்த காகிதம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் இருமலுக்கு வந்தார். கார், லாரி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி வைத்திருந்தவர். ஸ்கேனில் மார்பெலும்பில் ஓட்டை. அவருக்கு முன்பே தொண்டையில் ஒரு புற்றுநோய்க் கட்டியை எடுத்திருந்தார்கள். அதனால் நான் கவனமாக எழுதினேன். விளிம்பு வழுவழுப்பாக இருக்கிறது, சுற்றிலும் எலும்பு உறுதியாக இருக்கிறது, இது பிறவியிலேயே வந்த ஓட்டையாகத்தான் தெரிகிறது என்று எட்டு வரி. கடைசி வரியில், நோய் அரித்ததல்ல என்பதை உறுதிசெய்துகொள்வது நல்லது என்று எழுதினேன். அத்தான் அந்தக் கடைசி வரியைப் படித்தார். அதிலும் 'நோய் அரித்தது' வரைக்கும்தான் படித்தார் போலிருக்கிறது. புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று அந்த மனிதரிடம் சொல்லிவிட்டார்.

பதினேழு நாள். அந்தப் பதினேழு நாளில் அவர் தன் மனைவிக்கு லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தாராம், தான் போன பிறகு பள்ளியை அந்த அம்மா நடத்த வேண்டுமே என்று. பிறகு வேறு எங்கோ காட்டியதில், ஐயா இது பிறந்ததிலிருந்தே இருக்கிற ஓட்டை, போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்கள் என்றிருக்கிறார்கள். அவர் நேராக எங்கள் வரவேற்பறைக்கு வந்து கத்தினார். அத்தானைப் பார்த்துக் கத்தவில்லை. அத்தான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஊழியர் கூட்டம். முப்பத்துநான்கு பேர். அத்தான் ஒரு சுற்றறிக்கையைப் படித்தார். எண் பதினான்கு. பிறவியிலேயே உள்ள தீங்கற்ற மாறுபாடுகளை இனி ஸ்கேன் ரிப்போர்ட்டில் குறிப்பிடக் கூடாது. 'எலும்புகள் இயல்பாக உள்ளன' என்ற ஒரு வரி போதும். படித்துவிட்டுத் தாளை மடித்துக்கொண்டே, "மனுஷனுக்கு ஒன்பது ஓட்டை இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். பத்தாவது ஓட்டைய யாரும் தேட வேணாம்" என்றார். முப்பத்துநான்கு பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குப் பெயர் ஓட்டை டாக்டர். தரை துடைக்கிற அம்மா வரைக்கும் அப்படித்தான் சொன்னார்கள். வீட்டில் சாப்பாட்டு மேஜையிலும் அத்தான் சொன்னார், அக்கா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அதுதான் மற்றவர்களுக்கும் அவளுக்கும் வித்தியாசம்.

எனக்கு அவமானமாக இருந்தது. ஸ்கேன் அறையைத் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு அந்த ஒற்றை வரியைக் கணினியில் ஏற்றிவைத்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் தானாக விழும்படி. எலும்புகள் இயல்பாக உள்ளன. அதற்குப் பிறகு அந்தச் சுற்றறிக்கையை மீறி நான் ஒரு எழுத்து எழுதியதில்லை. என் மேல் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்ன பேச்சைக் கேட்காதவள் என்று மட்டும் சொல்ல முடியாது.

போன வருடம் லிஃப்ட்காரர் வந்தார். எங்கள் மருத்துவமனை லிஃப்டைப் பழுது பார்க்கிறவர். முப்பத்தாறு வயது, இரண்டு பெண் குழந்தைகள். ஒரு தடவை நான் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டபோது, மேலேயிருந்து குரல் கொடுத்தார். "பயப்படாதீங்க மேடம், விழாது. விழுந்தா நானும் கூடவே வர்றேன், தனியா விட மாட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் என்னைச் சிரிக்கவைத்த ஒரே ஆள் அவர்தான்.

அவருக்கு ரத்தம் குறைந்துகொண்டே போனது. எலும்பு மஜ்ஜையை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். பொதுவாக அதை இடுப்பெலும்பில் எடுப்பார்கள். அத்தான் பழைய ஆள், மார்பெலும்பில் குத்தித்தான் பழக்கம், அதுவும் எப்போதும் கொஞ்சம் கீழே தள்ளித்தான் குத்துவார். அதற்கு இரண்டு வாரம் முன்னால் லிஃப்ட்காரர் சளிக்காக ஸ்கேன் எடுத்திருந்தார். கீழ்ப்பகுதியில் ஓட்டை. நோட்டில் குறித்துக்கொண்டேன், ரிப்போர்ட்டில் பொத்தானை அழுத்தினேன். ஊசி குத்தப்போகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஊசி எலும்பில் நிற்கவில்லை. நேராக உள்ளே போய்விட்டது. அந்த ஓட்டைக்குப் பின்னால் இருதயம்தான் இருக்கிறது, வேறு தடுப்பு இல்லை. அல்ட்ராசவுண்ட் கருவியைக் கொண்டுவரச் சொல்லி ஆள் வந்ததும் நான் செருப்பை உதறிவிட்டுக் கருவியோடு படியில் ஓடினேன். இரண்டு மாடி, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இருதயத்தைச் சுற்றி ரத்தம் நிறைந்து அதை அடிக்கவிடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. அத்தான் நெஞ்சைத் திறந்து பார்த்தார். பிரயோஜனமில்லை. சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதினார்.

சாயங்காலம் அவர் அறைக்குப் போனேன். "அத்தான், அவருக்கு ஓட்டை இருந்துச்சு. நான் பாத்தேன்" என்றேன்.

"பாத்தியா? எழுதினியா?"

"நீங்கதானே எழுதக் கூடாதுன்னு..."

"அப்ப ஒண்ணு பண்ணு. வெளிய போய் எல்லார்கிட்டயும் சொல்லு. பாத்தேன், ஆனா எழுதலைன்னு சொல்லு. முதல்ல யாரப் பிடிப்பாங்கன்னு நினைக்கிற?" பிறகு எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "போம்மா. போய் ஒரு டீ குடி."

டீ குடித்தேன். இரண்டு நாள் கழித்து லிஃப்ட்காரரின் மனைவி அவருடைய கருவிப்பெட்டியை வாங்கிக்கொள்ள வந்தாள். பெட்டி கனமாக இருந்ததால் பெரிய பெண் ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நான் எதையும் முடிவு செய்யவில்லை. என் வேலையைப் பார்த்தேன்.

இந்த வருடம் அத்தானுக்கு உடம்பு முடியாமல் போனது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். படி ஏறினால் மூச்சு வாங்கும். ரத்த அணுக்கள் மளமளவென்று இறங்கின. வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகிற ரத்த மருத்துவர் ஒருவர் இருந்தார். சின்ன வயது, அதிராமல் பேசுவார், கையை நூறு தடவை கழுவுவார். அவர்தான் மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். ஆனால் அத்தானுக்கு ஒன்பது வருடத்துக்கு முன்னால் அடிவயிற்றில் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்திருந்தது. இடுப்பெலும்பில் மஜ்ஜை செத்துப்போயிருக்கும், அங்கே குத்திப் பயனில்லை. மார்பெலும்பு ஒன்றுதான் வழி. அந்த டாக்டர் எச்சரிக்கையான ஆள், முதலில் நெஞ்சு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். நானே எடுத்தேன்.

இருந்தது. சாதாரணமாக ஓட்டை கீழ்ப்பகுதியில்தான் இருக்கும். அத்தானுக்கு மேலே, மூன்றாவது விலா வந்து சேருகிற மட்டத்தில் இருந்தது. நீள்வட்டம், ஒன்பது மில்லிமீட்டர். பதினொரு வருட நோட்டில் அந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. உண்மையைச் சொல்கிறேனே, எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். துணியை எடுத்துத் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பின்னால் ஒரு விரல் தூரத்தில் இருதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் இருந்தது. ஓட்டை, வழக்கமாக மஜ்ஜை எடுக்கிற இடத்துக்குச் சற்றே கீழே. நோட்டில் படம் வரைந்தேன். ரிப்போர்ட்டில் பொத்தானை அழுத்தினேன்.

சுற்றறிக்கை போட்டவருடைய ரிப்போர்ட்டிலேயே சுற்றறிக்கையை மீறினால் அது மரியாதையா, சொல்லுங்கள். ஒரு வரி எழுதவில்லை, அவ்வளவுதான். அதற்கு முன் ஐந்து வருடத்துக்கு மேலாக யாருக்கும் எழுதாத வரி.

உங்கள் முகத்தைப் பார்த்தால் இது போதாது என்று தெரிகிறது. சரி, மீதியையும் சொல்கிறேன். எதையும் ஒளிப்பது என் சுபாவம் இல்லை.

மறுநாள் ரத்த மருத்துவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. சாரோட மார்பெலும்புல ஓட்டை கீட்டை ஏதாவது இருக்குமா? எங்கயோ ஒரு கேஸ் படிச்சேன், அதுலேர்ந்து மனசு அடிச்சுக்குது."

"ரிப்போர்ட் பாத்தீங்களா?"

"பாத்தேன். உங்க வாயால ஒரு தடவ கேட்டா எனக்கு நிம்மதி."

"எலும்பெல்லாம் நார்மல்தான் டாக்டர்" என்றேன். ரொம்ப நன்றி மேடம் என்று இரண்டு தடவை சொன்னார். நல்ல மரியாதை தெரிந்தவர்.

அன்று மத்தியானம் அக்கா என் அறைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் அப்படி வருகிற வழக்கம் கிடையாது. டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நெசமா சொல்லுடி. அவருக்கு ஊசின்னாலே பயம், வெளிய காட்டிக்க மாட்டாரு. குத்துற இடத்துல கோளாறு எதுவும் இல்லையே?"

"இல்லக்கா."

"நீ பாத்துட்டேன்னா எனக்கு அது போதும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது. ஒரு நிமிடம் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்போது அவள் டப்பாவைத் திறந்து, "ஓட்டை டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். நான் சாப்பிட்டேன்.

அடுத்தது அடையாளம் வைத்தது. நூற்றுப் பதினெட்டு கிலோ உடம்பில் எலும்பின் மேடு பள்ளம் கைக்குத் தட்டுப்படாது. எந்த இடத்தில் எலும்பு தடிப்பாக இருக்கிறதோ அங்கே ஸ்கேனில் பார்த்துத் தோலில் ஒரு குறி போட்டுத் தரச் சொல்லி ரத்த மருத்துவர் கேட்டிருந்தார். அதற்கென்றே ஊதா நிறத்தில் ஒரு பேனா இருக்கிறது, கழுவினாலும் சீக்கிரம் போகாது. ஊசி குத்துகிற அன்று காலை ஒன்பதரைக்கு அத்தானை ஸ்கேன் மேஜையில் படுக்கவைத்தேன். உதவிக்கு இருந்த பெண்ணைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டேன்.

சட்டையில்லாமல் படுத்திருந்தபோது அவர் பெரிய ஆளாகத் தெரியவில்லை. நெஞ்சு முடியெல்லாம் நரைத்திருந்தது. நான் விலாக்களை எண்ணிக்கொண்டு வந்தேன். "என்னம்மா ஓட்டை டாக்டரே, என் நெஞ்சுல ஓட்டை உண்டா?" என்றார். வாய்தான் சிரித்தது. நான் பேனாவின் மூடியைத் திறந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

"விளையாட்டுக்குக் கேக்கலம்மா. அந்த லிஃப்ட்காரன் கண்ணுக்குள்ளயே நிக்கிறான். இருந்தா சொல்லிடு. ரிப்போர்ட்லயும் எழுதிடு. அந்தச் சர்க்குலர் கிடக்குது குப்பையில."

"ஒண்ணும் இல்ல அத்தான். கெட்டியான எலும்பு உங்களுக்கு. மூச்ச இழுத்துப் பிடிங்க."

வாய்வார்த்தையை நான் உத்தரவாக எடுத்துக்கொள்வதில்லை. சுற்றறிக்கையை மாற்ற வேண்டுமென்றால் இன்னொரு சுற்றறிக்கை போட வேண்டும். அது அவருக்கே தெரியும். நான் திரையைப் பார்த்து, ஓட்டையின் நடுவைக் கண்டுபிடித்து, அதற்கு நேர் மேலே தோலில் ஊதாவில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் குறிக்கும் ஓட்டையின் நடுவுக்கும் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு அதைப் படித்ததிலிருந்து உறுத்தலாக இருக்கிறது. அவர் பாதியில் மூச்சை விட்டுவிட்டார், இல்லையென்றால் அந்த மூன்றும் வந்திருக்காது.

பத்து இருபதுக்கு மேலிருந்து ஆள் ஓடி வந்தது. அல்ட்ராசவுண்ட் கருவியோடு உடனே வரச் சொன்னார்கள். நான் ஒருவருடைய சிறுநீரக ரிப்போர்ட்டைச் சொல்லிப் பதிவு செய்துகொண்டிருந்தேன். பாதியில் விட்டால் தப்பு வரும், முடித்துவிட்டுக் கிளம்பினேன். கருவி கனம். படியில் எதற்கு என்று லிஃப்டுக்குக் காத்திருந்தேன். அது நான்காவது மாடியில் நின்றிருந்தது, இறங்கி வர நேரமாயிற்று. எல்லாம் சேர்ந்து பதினான்கு நிமிடம் ஆகியிருக்கும் என்று உங்கள் ஆட்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். சரியாகத்தான் இருக்கும்.

நான் போனபோது ரத்த மருத்துவர் அத்தானுடைய தலைமாட்டில் நின்று அழுதுகொண்டிருந்தார். எலும்பு கிடைக்கவே இல்லை மேடம், எலும்பு கிடைக்கவே இல்லை என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். நான் நெஞ்சில் களிம்பைத் தடவிப் பார்த்தேன். இருதயத்தைச் சுற்றி ரத்தம், லிஃப்ட்காரருக்கு இருந்த அதே மாதிரி. வெளியே அக்கா நின்றிருந்தாள். நான்தான் போய்ச் சொன்னேன். பிரேதப் பரிசோதனை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அந்த ரத்த மருத்துவர்தான். தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு தன்னைப் பிடித்துக் கொடுக்க வழி தேடியிருக்கிறார், பாவம். இப்போது வேலைக்கே போவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று தனியாக ஒரு வரி போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு நியாயம் முக்கியம்.

ஆக, உங்களுக்கு வேண்டிய வாக்கியம் இதுதான். தட்டச்சு செய்கிற அம்மா, இப்போது அடிக்கலாம். என் அத்தானை நான்தான் கொன்றேன். தெரிந்தே கொன்றேன். லிஃப்ட்காரருக்காகக் கொன்றேன். அந்தக் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன குழந்தைக்காக. அந்தச் சுற்றறிக்கை இன்னும் எத்தனை பேரை விழுங்குமோ என்று யாராவது ஒருவர் கவலைப்பட வேண்டாமா? நான் கவலைப்பட்டேன். இதைத் தப்பு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

அந்தச் சுற்றறிக்கை என்ன ஆயிற்று என்றா கேட்கிறீர்கள்?

நல்ல கேள்விதான். அத்தான் போன இரண்டாவது வாரமே அக்கா என்னை அவருடைய நாற்காலியில் உட்காரவைத்துவிட்டாள். நேற்று நீங்கள் வருகிற வரைக்கும், மூன்று மாதம், நான்தான் இயக்குநர். நிறைய வேலை செய்தேன். ஜன்னலுக்கெல்லாம் கனமான திரை போட்டேன். ஓட்டை டாக்டர் என்று என் காதுபடச் சொன்ன இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினேன். சுற்றறிக்கைகளை வருடத்துக்கு ஒரு முறை இயக்குநர் படித்துப் பார்த்துப் புதுப்பிக்க வேண்டும், அது எங்கள் நடைமுறை. போன மாதம் அந்தக் கட்டு என் மேஜைக்கு வந்தது. பதினான்காம் எண்ணும் அதில் இருந்தது. படித்தேன். கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டீர்கள் என்றால் என்ன சொல்வது? தெளிவாக எழுதப்பட்ட சுற்றறிக்கை. கீழே என் கையெழுத்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இந்த மூன்று மாதத்தில் ஓட்டை உள்ளவர்கள் ஆறு பேர் வந்தார்கள். இல்லை, ரிப்போர்ட்டைத் தேடிப் பிரயோஜனமில்லை. அதில் எலும்புகள் இயல்பாக உள்ளன என்றுதான் இருக்கும். நோட்டின் கடைசி மூன்று பக்கம் பாருங்கள். அதில் ஒரு அம்மா, துணி தைக்கிறவர், அவருக்குக்கூட இடுப்பில் எடுக்க முடியாது என்று புதிதாக வந்திருக்கிற டாக்டர் நெஞ்சில் ஊசிக்கு நாள் குறித்திருந்தார். இன்று காலை பதினொன்று என்று பட்டியலில் பார்த்த ஞாபகம். இப்போது மணி என்ன?

எதற்கு இப்படி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடுகிறீர்கள்? தொலைபேசி எங்கே போய்விடப் போகிறது? நான் இன்னும் முடிக்கவில்லை. சரி, அவர் போகட்டும். நீ உட்காரம்மா, நீயாவது முழுதாகக் கேள். கடைசியாக இதையும் அடித்துக்கொள். என்னை ஏதோ கல்நெஞ்சக்காரி என்று நாளைக்கு எழுதுவார்கள். அந்த மருத்துவமனையில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், என்னிடம் வாய்விட்டுக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.